கடை வாசலில் நாயைக் கட்டிவிட்டுப் போகலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. லண்டனில் குடும்பத்தோடு இருக்கும் நம் மாணவி ஒருத்தி போட்டது. ஒரு மளிகைக் கடை வாசல். சைக்கிள் நிறுத்தும் இரும்புக் கம்பி. அதில் கட்டிப் போட்டிருக்கும் அவள் வீட்டு நாய். தொங்கு காது, தேன் நிறம், காக்கர் ஸ்பானியல் இனம். "பாலும் ரொட்டியும் வாங்கப் பத்தே நிமிஷம் சார், சமர்த்தா உட்கார்ந்திருந்தான்" என்று கீழே எழுதியிருந்தாள்.

அவ்வளவுதான், குழுவில் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது. "நாயை யாரும்மா தூக்கிக்கிட்டுப் போகப் போறாங்க?" என்று ஊரில் இருப்பவர்கள். "அங்கே அதுதான் நடக்குது, கட்டவே கட்டாதே" என்று வெளிநாட்டில் இருப்பவர்கள். கடைசியில் யாரோ ஒருவர், "சார், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். நான் நாய் வளர்த்தவன் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு 1846ஆம் வருஷம்தான் ஞாபகம் வந்தது. அதே லண்டன், அதே கடை வாசல், அதே இனத்து நாய்.

அந்த நாயின் பெயர் ஃப்ளஷ். சொந்தக்காரி எலிசபெத் பாரெட். பிறகு எலிசபெத் பாரெட் பிரவுனிங் என்று ஆங்கில இலக்கியப் பாடத்தில் வருபவர். அப்போது அவருக்கு நாற்பது வயது. பல வருஷங்களாக நோயாளி. லண்டனில் விம்போல் தெரு 50ஆம் எண் வீட்டில், பெரும்பாலும் ஒரே அறையில், சோபாவில் படுத்தபடியே கவிதை எழுதிப் புகழ் பெற்றவர். 1840இல் அவருக்கு மிகப் பிரியமான தம்பி கடலில் மூழ்கி இறந்துபோனான். அந்தத் துக்கத்திலிருந்து அவர் எழுந்து வர ஏதாவது துணை வேண்டும் என்று, எழுத்தாளர் தோழி மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டு அனுப்பி வைத்ததுதான் ஃப்ளஷ். அந்த அறையில் அந்த நாய் எப்படிப்பட்ட உறவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஒரு பூனையையோ கிளியையோ வைத்துக்கொண்டு அதனோடு நாள் முழுக்கப் பேசுவதைப் பார்த்திருக்கிறோம்.

1846 செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை. உடம்பு கொஞ்சம் தேறி வெளியே போகத் தொடங்கிய காலம். எலிசபெத்தும் தங்கை அரபெல்லாவும் வாடகை வண்டியில் வியர் தெருவில் ஒரு கடைக்குப் போனார்கள். ஃப்ளஷ் கூடவே கடைக்குள் போனது, கூடவே வெளியே வந்தது. எலிசபெத் வண்டியில் கால் வைத்து ஏறும்போது கூட அது காலடியில்தான் நின்றது. ஏறித் திரும்பி "ஃப்ளஷ்" என்று கூப்பிட்டால் நாயைக் காணோம். வண்டிச் சக்கரத்தடியிலிருந்து ஒருவன் வாரிக்கொண்டு போய்விட்டான். கவனியுங்கள், அது கட்டிப் போட்ட நாய் கூட இல்லை. எஜமானி பக்கத்திலேயே நின்ற நாய். கண் சிமிட்டும் நேரம் போதுமாக இருந்தது.

இது தனி ஒருவன் செய்த சில்லறைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அன்றைய லண்டனில் நாய் திருட்டு ஒரு முழுத் தொழில். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் தொழில்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதி வைத்தார். இந்தத் தொழிலுக்கும் அதில் இடம் உண்டு. பையில் ஈரல் துண்டு வைத்துக்கொண்டு நாயை வாசனையால் இழுப்பார்கள். ஆண் நாய் என்றால் பருவத்துக்கு வந்த பெட்டை நாயைக் கூட்டிக்கொண்டு போவார்கள். திருடிய நாயை விற்பதை விட நல்ல வழி ஒன்று இருந்தது, சொந்தக்காரரிடமே திருப்பி விற்பது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு ஆள் மரியாதையாகத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவான். "அம்மா, உங்கள் நாய் இருக்கும் இடம் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும், கொஞ்சம் செலவாகும்" என்பான். பணம் கொடுக்காவிட்டால் நாயின் தலை பொட்டலமாக வரும் என்று ஒரு பயம் அந்தப் பகுதிப் பணக்கார வீடுகளில் பரவியிருந்தது.

1844இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு குழு போட்டு விசாரித்தது. பாண்ட் தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பிஷப் என்பவர் இதை ஒழிக்க வேண்டும் என்று முன்னின்று அலைந்தவர். அவர் கொடுத்த பட்டியலின்படி, சில வருஷங்களுக்குள் சுமார் 150 பேர் சேர்ந்து கிட்டத்தட்ட 1,000 பவுண்டு மீட்புப் பணம் கொடுத்திருந்தார்கள். அது பெயர் சொல்ல முன்வந்தவர்கள் கணக்கு மட்டும்.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி நாயைத் திருடுவது திருட்டே கிடையாது! ஆடு, மாடு, குதிரை உபயோகமுள்ள சொத்து, அவற்றைத் திருடினால் 1832 வரை தூக்குத் தண்டனை கூட உண்டு. நாயோ இழிந்த இயல்புடைய பிராணி, மனிதர்கள் வேடிக்கைக்கும் ஆசைக்கும் வைத்துக்கொள்வது, அதைச் சொத்தாக மதித்து ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்க முடியாது என்பது பழைய சட்ட அறிஞர்கள் வாதம். 1770இல் தனியாக ஒரு சட்டம் வந்தும் பெரிய பயன் இல்லை. இதில் பெரிய கூத்து, நாயின் கழுத்துப் பட்டையைத் திருடினால் அது திருட்டு. அதனால் விவரம் தெரிந்த திருடன் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நாயை மட்டும் எடுத்துப் போவான். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் கடைசி பெஞ்ச் கூட விழித்துக்கொண்டு சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குழுவின் விசாரணைக்குப் பிறகு 1845இல் புதுச் சட்டம் வந்தது. நாய் திருடினால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. திருட்டு நாயை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதும் குற்றம். இந்தச் சட்டம் வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் ஃப்ளஷ் காணாமல் போனது. அப்படியும் ஷோர்டிச்சில் இருந்த டெய்லர் என்ற கும்பல் தலைவன் ஒளிந்துகொள்ளவில்லை. பேரம் பேச ஆள் அனுப்பினால் பேசினான், தானே வீட்டு வாசலுக்கும் வந்தான். கேட்டது ஆறு கினி. அதாவது ஆறு பவுண்டு ஆறு ஷில்லிங். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் பல மாதச் சம்பளம். சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, தெருவுக்கு வருவது வேறு. இதை நம் ஊரிலும் எத்தனையோ விஷயத்தில் பார்த்துவிட்டோம்.

இனிமேல்தான் உண்மையான சண்டை. அப்பா பணம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அது கூடப் பரவாயில்லை. எலிசபெத் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் கவிஞர் ராபர்ட் பிரவுனிங். அவருடைய கடிதமும் அதே பக்கம்தான் பேசியது. இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தால் நாமே அந்தத் தொழிலை வளர்க்கிறோம், நானாக இருந்தால் ஐந்து ஷில்லிங் கூடக் கொடுக்க மாட்டேன் என்கிற தோரணையில் எழுதினார். எலிசபெத் விட்டுக் கொடுக்கவில்லை. இத்தாலியில் மலைக் கொள்ளையர் என்னைத் தூக்கிப் போய் என் காதை அறுத்து உங்களுக்கு அனுப்பினால், அப்போதும் இந்தக் கொள்கைதானா என்று திருப்பிக் கேட்டார். எந்த ஆணுக்கும் இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. பிரவுனிங் பக்கம் பக்கமாக எழுதிச் சமாளித்தார்.

யார் சொன்னது சரி? நான் பல வருஷம் பிரவுனிங் கட்சிதான். கொள்கையாகப் பார்த்தால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு கினியும் அடுத்த நாய்க்கு வைக்கும் ஈரல் துண்டு. ஆனால் வயதாக ஆக எலிசபெத் பக்கம் சாய்ந்துவிட்டேன். இருட்டு அறையில் எங்கோ கட்டிக் கிடக்கும் அந்த நாய்க்குக் கொள்கை தெரியாது. அது எஜமானியை நம்பிக் கடைக்குப் போன நாய். நம்பி வந்ததைக் கைவிட்டுவிட்டுச் சமூகத்துக்கு நல்லது செய்தேன் என்று சொல்வது எனக்கு இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

எலிசபெத் செய்தது இதுதான். பல வருஷம் படிக்கட்டு இறங்கவே சிரமப்பட்ட அந்த அம்மாள், பணிப்பெண் வில்சனைக் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறி, லண்டனின் மோசமான சந்துகளுக்குள் டெய்லர் வீட்டைத் தேடிப் போய்விட்டார். டெய்லர் வீட்டில் இல்லை, மனைவி வந்து பேசினாள். பிறகு டெய்லர் விம்போல் தெரு வீட்டுக்கு வந்தபோது, பணத்தைக் கொடுத்தனுப்பும் நேரம் பார்த்து ஒரு தம்பி உள்ளே வந்து அவனைத் திருடன், மோசடிக்காரன் என்று திட்ட, அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். எலிசபெத் மறுபடியும் கிளம்ப, இன்னொரு தம்பி செப்டிமஸ் தடுத்து, தானே பணத்தோடு போனான். அன்று இரவு ஃப்ளஷ் வீடு திரும்பியது. அழுக்கும் தாகமுமாக.

அதற்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 12இல், செயின்ட் மேரிலபோன் தேவாலயத்தில் ரகசியக் கல்யாணம். 19ஆம் தேதி வீட்டுக்குத் தெரியாமல் இத்தாலிக்குப் பயணம். பிள்ளைகள் யாரும் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்று இருந்த தகப்பன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் மறக்காமல் எடுத்துச் சென்றவற்றில் ஒன்று அந்த நாய். ஷோர்டிச்சுக்குப் போய் வந்த துணிச்சல் இதற்கும் உதவியிருக்கும் என்பது என் சொந்த ஊகம். ஃப்ளஷ் 1854இல் ஃப்ளாரன்ஸ் நகரில் இறந்தது. 1933இல் வர்ஜினியா வுல்ஃப் இந்த நாயின் வாழ்க்கை வரலாறாகவே ஒரு நூல் எழுதினார். உண்மையில் ஃப்ளஷ் மூன்று தடவை திருட்டுப் போனது, மொத்தச் செலவு இருபது பவுண்டு. வுல்ஃப் கதைக்காக மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார், ஷோர்டிச்சையும் வொயிட்சேப்பல் ஆக்கிவிட்டார். வரலாறு படிக்கிறவர்கள் நாவலாசிரியர்களிடம் இதை எப்போதும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் ஒரு நடை வருவோம். சட்டம் படித்த நம் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் என்ன என்று விளக்கும் 378ஆம் பிரிவில், கீழே இரண்டாவது உதாரணம் என்ன? ஒருவன் நாய்க்கான இரையைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொருவரின் நாயைத் தன் பின்னால் வரச் செய்கிறான். நேர்மையற்ற எண்ணத்தோடு இதைச் செய்தால், நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்த கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது. மேஹ்யூ எழுதிய லண்டன் ஈரல் துண்டு, நேராக நம் சட்டப் புத்தகத்துக்குள்!

மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு எழுதி, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் அமலான சட்டம் அது. அதன்படி நாயும் ஓர் அசையும் பொருள், தூக்கிப் போனால் சாதாரணத் திருட்டு, மூன்று வருஷம் வரை சிறை. அதே சமயம் இங்கிலாந்தில் நாய் திருட்டு தனிச் சில்லறைக் குற்றமாகவே கிடந்தது. அங்கே நாய் மற்ற சொத்துகளைப் போல முழுச் சொத்தானது 1968 திருட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதாவது நூறு வருஷத்துக்கு மேல், நாய் விஷயத்தில் மதுரைக்காரனுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு லண்டன்காரனுக்குக் கிடைக்கவில்லை. பழைய குப்பை சேராத புது நிலத்தில் சட்டம் எழுதும்போது இப்படி ஆகும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் 303ஆம் பிரிவில் அந்த நாய் உதாரணம் அப்படியே நிற்கிறது.

சரி, நாயைக் கடை வாசலில் கட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய கடையில் ஒரு மேடை, அந்தப் பக்கம் கடைக்காரர், இந்தப் பக்கம் நாம். நம் ஊர் செட்டியார் கடை மாதிரி. வாசலில் நாய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியும். சுயசேவைக் கடைகள் வந்ததும் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் 1940களில் ஆரம்பித்து 1950களில் பரவியது. வாங்குபவரே வரிசை வரிசையாக அடுக்கிய அலமாரிகளுக்குள் நுழைந்து எடுக்க வேண்டும். உணவுப் பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் நாய்க்கு உள்ளே இடமில்லை. ஆக, வாசலுக்கும் நமக்கும் நடுவில் முழுக் கடையே வந்து நின்றுவிட்டது. ஜெர்மனியில் கடைக் கதவில் நாய்ப் படம் போட்டு "நாங்கள் வெளியேதான் நிற்க வேண்டும்" என்று நாயே சொல்வது போல ஒட்டி வைப்பார்கள்.

அந்தக் காலத்தில் வெளியே நின்றது நாய் மட்டுமா? இங்கிலாந்தில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு கடை வாசலில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் உள்ளே போவது வெகு சாதாரணம். டென்மார்க்கில் இன்றும் செய்கிறார்கள். 1997இல் டென்மார்க்கிலிருந்து நியூயார்க் வந்த ஒரு தாய் அதே பழக்கத்தில் உணவகத்துக்கு வெளியே குழந்தையை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்ததற்குக் கைதானார். ஒரு ஊரில் வழக்கமாக இருப்பது இன்னொரு ஊரில் குற்றம். தெருவில் போகிறவர்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் அளவு மாறுகிறது. காலத்துக்குக் காலமும் மாறுகிறது. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் நாய் வாங்க, விலை ஏறியது. 2020இல் பிரிட்டனில் போலீசுக்கு வந்த நாய் திருட்டுப் புகார்கள் ஏறத்தாழ 2,000. அரசு தனிப் பணிக்குழு அமைத்தது. 1968 சட்டப்படி நாய் சொத்து, ஆகவே திருடிய சைக்கிளுக்கு என்ன மதிப்போ அதே பார்வையில்தான் தண்டனை. இது போதாது என்று 2024இல் செல்லப்பிராணிக் கடத்தலுக்குத் தனிச் சட்டம் வந்தது, ஐந்து வருஷம் வரை சிறை. அதன் பெயரே திருட்டு என்று சொல்லாமல் கடத்தல் என்று சொல்கிறது. எலிசபெத் 1846இல் பிரவுனிங்குக்கு எழுதியதும் இதே கருத்துதான், காணாமல் போனது பொருள் இல்லை என்று.

திருட்டு ஒரு பக்கம். கட்டிப் போட்ட நாயின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டாத நாய் பயந்தால் ஓடும். கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை, ஆகவே குரைக்கும், அல்லது கடிக்கும். காதைப் பிடித்து இழுக்கும் குழந்தை, முறைத்துக்கொண்டு வரும் வேறொரு நாய், சைரன் சத்தம், எதுவானாலும் அது அந்த நாலடிக் கயிற்றுக்குள்தான் சமாளிக்க வேண்டும். இத்தாலியில் பாம்பெய் நகரத்தை கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடியது தெரியும். 1874இல் அங்கே ஒரு வீட்டு வாசல் பக்கம் தோண்டியபோது கிடைத்த வெற்றிடத்தில் சுண்ணச் சாந்து ஊற்றி எடுத்த உருவம் ஒரு நாய். முதுகு வளைந்து, கால்கள் முறுக்கி, கழுத்தில் பட்டையோடு. மனிதர்கள் ஓடியிருக்கிறார்கள், அதை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் படம் கிடையாது. நான் ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஆக, அம்மா, உன் கேள்விக்கு என் பதில்: கட்டாதே. பத்து நிமிஷம் என்பது உனக்குப் பத்து நிமிஷம். ஃப்ளஷ் போனது வண்டிப் படியில் ஒரு கால் வைக்கிற நேரத்தில். அதுவும் அதே இனம், அதே ஊர். பட்டையையும் சிப்பையும் நம்பாதே, அவை தொலைந்த நாயைத் திருப்பித் தருவதற்கு உதவும், தூக்குகிறவன் கையைத் தடுக்காது. நாயோடு நடக்கப் போகிற நாள் வேறு, கடைக்குப் போகிற நாள் வேறு என்று வைத்துக்கொள்.

இதை அவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. இப்போது மகனையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அவன் வாசலில் நாயோடு நிற்க, அவள் உள்ளே போய் வாங்கி வருகிறாள். பையனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்லேட் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.

வக்கீல் மாணவர்கள் 303ஆம் பிரிவின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பட்டிமன்றத்தில் "யார் தூக்குவாங்க" என்று கேட்டவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.